வேலம்பாசி செய்த குற்றம்

உடுப்பிட்டி,
12.07.2024

அன்புள்ள கஜீபன் அண்ணைக்கு,

நீங்கள், அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் அங்கு சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இது மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதும் கடிதம். தொலைபேசியில் சொன்னால் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்று பாதியிலேயே வெட்டிவிடுவீர்கள்.

நான் பயிற்சி வகுப்புக்குக் கொழும்பு போன கிழமை பார்த்து, கோயில் குளத்து வேலம்பாசிச் செடி முழுவதையும் பெக்கோ இயந்திரம் விட்டு அள்ளிவிட்டார்கள். அள்ளியதைத் தெற்குக் கரையில் குவித்தபடியே விட்டிருக்கிறார்கள். அழுகிப் புழு நெளிகிறது. சீ! சோற்றுக் கோப்பையை எடுத்தாலே குமட்டுகிறது. பாசி போனதும் தண்ணீர் பச்சைக் கூழாகிவிட்டது. செத்த மீன்களைக் காகம் தூக்கிவந்து எங்கள் கிணற்றுக் கட்டில் போடுகிறது.

ஏன் இந்த வேலை என்று கோயில் சபைத் தலைவர் பொன்னம்பலத்தாரிடம் கேட்டேன். "உன்ரை கொண்ணைதான் கனடாவிலையிருந்து சொன்னவர். பாசிதான் தண்ணிக்குச் சுண்ணாம்பு விடுகுதாம், அதாலைதான் கொம்மாவுக்குச் சிறுநீரகத்திலை கல்லு வந்ததாம். நீதானாம் அவருக்கு எழுதினனீ" என்றார். பக்கத்தில் நின்ற சபைக்காரன் கேதீஸ்வரன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "படிச்ச பிள்ளை எழுதினால் சரியாத்தானே இருக்கும்" என்று சிரித்தான்.

அண்ணை, நான் எழுதியது அதுவா? மூன்று வருடமாக என் ஆராய்ச்சிக்கு அந்த வேலம்பாசியைத்தான் பார்த்துவந்தேன். காற்றில் நிற்கும் மரத்துக்கு உணவு செய்யத் தேவையான காபனீரொட்சைட்டு வாயுவுக்குக் குறைவில்லை. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பதற்கு அது கிடைப்பது அருமை. வெயில் ஏறமுன் இருப்பதெல்லாம் தீர்ந்துவிடும். அதற்காகப் பாசி பட்டினி கிடப்பதில்லை. சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரைந்திருக்கும் காபனைப் பிரித்தெடுத்துச் சாப்பிடுகிறது. மிஞ்சும் சுண்ணாம்பு இலையில் வெள்ளையாகப் படிகிறது. அது தண்ணீருக்குச் சுண்ணாம்பு கொடுக்கவில்லை, தண்ணீரிலிருந்து எடுத்தது. "இலையில் சுண்ணாம்பு" என்ற வரியோடு நீங்கள் கடிதத்தை மடித்துவிட்டீர்கள் போல.

அம்மாவுக்காகத்தான் செய்தீர்கள். அது தெரிந்ததால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. ஆனால் எனக்கு அருவருப்பு அந்த நாற்றத்தில் மட்டுமில்லை. மூன்று வருடம் குளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றேன்; என்ன பார்க்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கனடாவிலிருந்து ஒரு சொல் வந்தது, மறுநாள் பெக்கோ வந்தது. படிக்கட்டில் "கஜீபன் உபயம்" என்று கல்லும் பதித்துவிட்டார்கள். தூ! அதன் மேலும் இலையான் மொய்க்கிறது.

சோதனைக்காக வாளியில் வைத்திருந்த நாலு தண்டுதான் மிச்சம். அடுத்த வெள்ளிக்கிழமை குளத்தின் வடக்கு மூலையில் நட்டுவைக்கப் போகிறேன். இந்தக் கலங்கலில் பிழைக்குமோ தெரியாது. அதற்கும் சபைக்காரர், "கொண்ணையைக் கேட்டுச் சொல்லுறம்" என்கிறார்கள். அண்ணை, காசு வேண்டாம். பொன்னம்பலத்தாருக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்து, "தங்கச்சி சொல்லுறதைக் கேளுங்கோ" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மகன் குளத்தைத் துப்பரவாக்கித் தந்தான் என்று அம்மா ஊரெல்லாம் பெருமை சொல்கிறார். இரவில் யன்னலைச் சாத்திவிட்டு, "எங்கையிருந்து பிள்ளை இந்த நாத்தம் வருகுது?" என்று கேட்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.

பிள்ளையார் உங்களைக் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
ஆரணி