கதவைச் சாத்தாத மாப்பிள்ளைக்கு

என் அருமை மாப்ளே ஏகாம்பரம்,

நீ போய் நாற்பது நாளாகிறது. கொரட்டூரில் ஒருத்தரும் திருந்தவில்லை. டீக்கடையில் அதே நாலு ஜென்மங்கள், ரேடியோவில் அதே நம்ம பாடகர், அதே பாட்டில் அதே ஒரு வரி: “கதவைச் சாத்தாமல் போகிறவரே, காற்று வந்தால் யாரென்று சொல்வேன்?”

போகிறவர் யார்? பதினோரு வருஷமாக இந்த ஊரின் மூளையெல்லாம் இதற்குத்தான் செலவாகியிருக்கிறது. தமிழ் வாத்தியார், அது ஜீவாத்மா என்கிறார். அவருக்குப் பல் வலித்தாலும் ஜீவாத்மாதான் வலிக்கும். கட்சிக்காரர் ஆறுமுகம், பதவி போன மந்திரி என்கிறார். இந்த மேதைகளுக்கு நடுவே அசல் மடையர்கள் நாம் இரண்டு பேர். காதலன் ஊருக்குப் போகிறான், திரும்பி வருவான் என்றேன் நான். பிணம் போகிறது என்றாய் நீ.

அதோடு விட்டேனா? என் தங்கை கஸ்தூரி கழுத்தில் நீ தாலி கட்டி முடித்த கையோடு, மைக் செட்காரனிடம் சொல்லி அந்த ரிகார்டைப் போட வைத்தேன். உன்னை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். நீ மாலையும் கழுத்துமாக எழுந்து வந்து ஊசியைத் தூக்கினாய். “என் சாவுக்குப் போடு மச்சான். இன்னிக்கு வாணாம்” என்றாய். உன் வீட்டார் மூன்று மாசம் என்னோடு பேசவில்லை.

பிறகு கோயில் திருவிழாவுக்கு நம்ம பாடகரே வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? மேடைக்குப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அவர் வாயில் பஜ்ஜி. வரியைச் சொன்னோம். “நானா பாடினேன்?” என்று கேட்டார். இந்த மனுஷனுக்காகவா என் தங்கை கல்யாணத்தில் கலவரம்? அதைவிட, வீடு வரும்வரை அந்தப் பதிலுக்கும் நாம் அர்த்தம் தேடிக்கொண்டு வந்தோம் பார், நினைத்தால் இன்றும் கூசுகிறது.

உன் சாவுக்கும் அதே மைக் செட்காரன்தான் வந்தான். கொஞ்சம் நரைத்திருந்தான். “அந்த ரிகார்டு கீது அண்ணாத்தே, போடட்டா?” என்றான். போட்டால் நீ ஜெயித்ததாக ஆகிவிடும். நீ கட்டையாகக் கிடக்கிறாய், நான் வாதத்தில் தோற்கக் கூடாதென்று நிற்கிறேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். எப்பேர்ப்பட்ட அற்பன் உனக்கு மச்சானாக வாய்த்தான்.

போன வாரம் கஸ்தூரியிடம் இதை ஒப்புக்கொண்டேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

“ரெண்டு பேருக்கும் வேற பொழப்பே இல்ல. அது பொண்டாட்டி பாடறது. காலைல அம்பத்தூருக்கு ஷிப்டுக்கு ஓடற ஆளு கதவைத் தொறந்து போட்டுட்டுப் போனா வேற இன்னா பாடுவா? பத்து வருஷமா இதைத்தான் கத்திகினு கிடந்தேன். ஒரு நாளாவது சாத்தினாரா உன் மாப்ளே?”

உன் வீட்டு வாசல் கதவு காற்றில் ஆடியது. சாத்தலாமென்று எழுந்தேன்.

“இருக்கட்டும்ணே” என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம், மாப்ளே? அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

உன் முதல் தெவசத்துக்கு மைக் செட் வைத்து, அந்த ரிகார்டை நானே போடுகிறேன். நீ ஜெயித்ததாக ஊர் பேசட்டும். உன் வீட்டுக் கதவை யாருக்காகவும் சாத்த மாட்டேன். விளக்கம் சொல்ல வாத்தியார் வந்தால் மட்டும் மன்னித்துவிடு.

பதினோரு வருஷம் கழித்து உன்னிடம் தோற்க வந்திருக்கும்,
கஸ்தூரியின் அண்ணன், உன் மச்சான்
சிகாமணி