இரண்டு முறை விழுந்த சுவர்

கார்த்திகை 18, செவ்வாய்

மழை விட்டது. வெயில் இல்லை. மூன்று நாளாக நசநச.

சொசைட்டியில் இன்று பாதிப் பால்தான். மலை ரோடு இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டதாம், கல்வராயன் மலைக் கேன் ஒன்றுகூட இறங்கவில்லை. கரண்ட் கிடையாது. அளந்து, லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்து, பெயர் எழுதி, எல்லாம் செல்போன் வெளிச்சத்தில்.

வீட்டில் சேதம்: மேற்குச் சுவர் முழுக்க. அரிசி மூட்டை ஒன்று. என் செருப்பில் ஒன்று. (மற்றது இருக்கிறது, என்னத்துக்கு?)

வீட்டுக்காரி அம்சா இடிந்த மண்மேட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறாள். "காத்து நல்லா வர்துங்க" என்கிறாள். இவளை என்ன செய்ய.

கவலை ஒன்றே ஒன்று. மகள் ரேவதிக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு. வளைகாப்பு அன்றே ரிஷிவந்தியத்திலிருந்து அழைத்து வந்திருக்க வேண்டும், மழை கெடுத்துவிட்டது. மார்கழி பிறந்தால் சம்பந்தியம்மா அனுப்ப மாட்டார்கள். அதற்குள் பிள்ளைத்தாய்ச்சி படுக்க ஒரு செங்கல் சுவர் வேண்டும். நிவாரணம் வந்தால்தான் செங்கல்.

கா. 20, வியாழன்

தூறல். சனிக்கிழமை கணக்கெடுப்பாம். தலையாரி ஏழுமலை சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனான். "ணா, ஆபீசருங்க வூடு வூடா வர்றாங்க. எங்கியும் பூடாத."

பால் வரிசையில் காதில் விழுந்தது:

"பஞ்சாயத்துத் தலைவரு மச்சான் பேருதான் லிஸ்ட்டுல மொதோ பேராம்."

"அவரு வூட்டுக்கு இன்னா ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. அதான் மொதோ பேரு."

வரிசையே சிரித்தது. நானும்.

ஆபீசர் வருகிறார்கள் என்றதும் அம்சாவுக்குக் கை நிற்கவில்லை. "நாலு பேரு வர்ற எடம், இப்டியா தொறந்து கெடக்கும்? அசிங்கமா இல்ல?" பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, விழுந்த மண்ணையே குழைத்து, உருட்டி வைத்து, பொழுது சாய்வதற்குள் இடுப்பு உயரம். தண்ணீர் சுமந்தது நான். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாங்க: டீத்தூள், வெண்ணெய் பிஸ்கட், ஆதார் நகல் 2.

கா. 22, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

நேற்றே சுவர் கழுத்தளவு. அதற்கு மேலே கீற்று. இன்று விடியலில் சாணம் மெழுகி, கோலம் போட்டு, அம்சா கல்யாணப் புடவைகளில் பாதி நன்றாக இருக்கிற ஒன்றைக் கட்டிக்கொண்டாள். ஆபீசர்கள் இரண்டு பேர். ஒருவர் பெண், சின்ன வயது. டீ குடித்துவிட்டு, "வூட்ட ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா" என்றார். அம்சா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பிஸ்கட் தட்டை மறுபடி நீட்டினாள்.

பிறகு அந்தப் பெண் ஃபாரத்தில் எழுதினார்: பாதிப்பு இல்லை.

விழுந்ததைச் சொன்னேன். அக்கம்பக்கத்தாரும் சொன்னார்கள். "இப்ப நிக்குதே சார். போட்டோல நிக்கிறதுதானே விழும்?" என்றார் அந்தப் பெண்.

தலைவர் மச்சானின் டைல்ஸ் போட்ட வீட்டுக்கு: முழு சேதம். வீட்டுக்குப் பின்னால் மூன்று வருடத்துக்கு முன் சரிந்த மாட்டுக் கொட்டகையைப் போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். ஏழுமலை சொன்னான். ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்த்தான் சொன்னான்.

அம்சா சாப்பிட உட்காரவில்லை. "நான்தாங்க கெடுத்துட்டேன்."

"நானும்தானே தண்ணி தூக்கினேன். உனக்கு மட்டும் எப்படிப் பேரு வரும்?" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தோசை தின்றாள். அது போதும் எனக்கு.

கா. 24, திங்கள்

வெயில். மலை ரோட்டில் ஒரு பக்கம் மண் போட்டிருக்கிறார்கள், ஒரு வாரத்துக்குப் பிறகு மலைப் பால். மலைப் பால்காரன் வெள்ளையன் கேனைத் தோளில் சுமந்து பாதி வழி நடந்திருக்கிறான். டிகிரி கம்மி. மாடெல்லாம் நனைந்து நின்றிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

"எங்க ஊருக்குத் தார்ப்பாய் வர்தாம். ரோடு ஆவட்டும்னு சொல்லிக்கினு இருக்காங்க" என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே கூட்டிவந்து, மச்சானின் வைக்கோல் போரைக் காட்டினேன். நீலத் தார்ப்பாய், புதுசு, அரசு முத்திரையோடு.

வெள்ளையன் ரொம்ப நேரம் பார்த்தான். "வைக்கலு நனையல" என்றான். காலி கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் ஏழுமலை. சனிக்கிழமையே நான் எழுதிக்கொடுத்த மனுவுக்கு மறு ஆய்வு, வியாழன் காலை பத்து மணி. "ஆனா ஒன்னுணா. செவுரு இடிஞ்சிருக்கணும். நிக்கிற செவுத்துக்கு ஒன்னும் எழுத முடியாதாம்."

கா. 26, புதன்

ரேவதி போன். நாளைக்கு நாள் நன்றாக இருக்கிறதாம், மாப்பிள்ளை ஆட்டோ வைத்து அழைத்து வருகிறார். சாயங்காலம் வந்துவிடுவார்கள்.

நாளைக்கேவா என்று உட்கார்ந்துவிட்டேன். அம்சா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். விடியலில் இடித்துவிடுவது. பத்து மணிக்கு வந்து எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். நாலு மணிக்குள் அந்தப் பெண்களை வைத்துப் பாதியாவது திரும்ப ஏற்றிவிடலாம்.

"கட்டினத நாமே இடிக்கிறதா?" என்றேன்.

"அப்பதான செங்கல்லு வரும். நீங்க கடப்பாரைய எடுத்து வெய்ங்க."

எனக்குப் பாய் விரித்துக்கொடுத்துவிட்டு அந்தச் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

கா. 27, வியாழன்

பளிச்சென்று வெயில். பால் வேலை முடித்து ஏழரைக்குக் கடப்பாரை.

நாலு குத்து குத்தினேன், அசையவில்லை. கோபத்திலும் பெருமையாக இருந்தது, என்னமாய் வைத்திருக்கிறாள். "தள்ளுங்க" என்று வந்து, அடியில் ஒரு கட்டியை உருவினாள். அப்படியே உட்கார்ந்தது.

பத்து. பதினொன்று. பன்னிரண்டரைக்கு ஜீப் சத்தம். மச்சான் தெருவில் திரும்பியது. அங்கிருந்து பிரியாணி வாசனை, இங்கே வரைக்கும்.

பெண்கள் இரண்டு பேரும் மண் அள்ளும் பாண்டோடு வந்து நின்றார்கள். இரும்மா, இப்ப வந்துடுவாங்க, எழுதினதும் ஆரம்பிக்கலாம் என்று உட்கார வைத்தேன். அதுவும் என் புத்திதான்.

மூன்றே முக்காலுக்கு ஏழுமலை. நிமிர்ந்து பார்க்கவில்லை. "சாப்ட்டுட்டு மீட்டிங்னு பூட்டாங்கணா. உன்னுது அடுத்த வாரம்."

அவன் என்ன செய்வான். கடப்பாரையை ஓரமாகச் சாத்தினேன். ஒரு காகிதத்துக்காக, மழை செய்ததை என் கையாலே இன்னொரு தடவை செய்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நாலரைக்கு ஆட்டோ. மாப்பிள்ளை கையைப் பிடித்து ரேவதி மெல்ல இறங்கினாள். வயிற்றில் கை வைத்தபடி திறந்து கிடந்த வீட்டைப் பார்த்தாள்.

"மழை இவ்ளோ பண்ணிடுச்சாப்பா?"

"ஆமாம்மா, மழைதான்" என்றேன்.

அம்சா என் பக்கம் திரும்பவில்லை. மகள் கன்னத்தை வழித்து முத்தம் வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு மண் குழைக்கத் தண்ணீருக்குப் போனாள்.