முழு விலையும் ஒரு பிடி நெத்திலியும்

அன்புள்ள மருமகள் தாசோமுக்கு,

மாமனார் எழுதுகிறேன். இன்சோனில் நீயும் என் மகன் கீபொமும் ஜன்னல் இடுக்குகளை அடைத்துக்கொண்டீர்களா? இங்கே தோங்யோங்கில் கடற்காற்று மாறிவிட்டது. நான் நலம் என்று எழுதுகிறேன், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன் என்று உன் புருஷன் சொல்கிறான். தாளில் கத்த முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கருவாட்டுக் கடை நடக்கிறது. கிம்ச்சி ஊறுகாய் போடும் மாதம், உலர்ந்த இறால் நன்றாகப் போகிறது. நெத்திலிதான் கவலை. குளிர்பெட்டி இல்லாவிட்டால் வருகிற கோடையிலும் மஞ்சளாகி வீச்சமெடுக்கும். அந்தக் குளிர்பெட்டி வாங்கத்தான் நீ விலைகளை மாற்றினாய். தெரியும். ஆனாலும் நீ செய்தது சரி என்று நான் எழுதப்போவதில்லை.

நான் வைத்திருந்த விலை நெத்திலிப் பொட்டலம் பன்னிரண்டாயிரத்து முந்நூறு வோன். வருகிறவள், "அந்த முந்நூற விட்டுடுங்க பெரியவரே" என்பாள். "உனக்கே விட்டுட்டு நான் கடல்ல விழவா?" என்பேன். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு விட்டுவிடுவேன். அந்த முந்நூறு விடுவதற்காகவே வைத்தது. நீ கடையில் கைகொடுக்க வந்தாய், எல்லா விலையையும் மேலே ஏற்றி முழுதாக்கினாய், பதிமூன்றாயிரம் என்று அச்சடித்து ஒட்டினாய். கேட்க எதுவும் இல்லாமல் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

அதனால் குறைத்தேன். சில்லறையே இல்லாத விலையில் எதை விடுவது? ஆயிரத்தை விட்டேன். என் வாய்க்குப் பன்னிரண்டாயிரம்தான் பழக்கம். நீ பின்பக்கம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாய். உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சூசோக் பண்டிகை முடிந்து கணக்குப் பார்த்தபோது லாபம் போன வருஷத்தைவிடக் குறைவு. "மாமா, நீங்க வெலயக் கொறச்சீங்களா?" என்று நீ கேட்டாய். மெதுவாகத்தான் கேட்டாய். நான்தான், "இது கடையா, காசு போட்டா டப்பா விழுற மிஷினா?" என்று கத்தினேன். சந்தையே திரும்பிப் பார்த்தது. நீ கேட்டதற்கு அது பதில் இல்லை. கத்தியது கத்தியதுதான், அதை நான் திரும்ப எடுக்கமாட்டேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று இருந்திருக்கலாம். நீ இன்சோனுக்குத் திரும்பிப் போனதும் அதனால்தான்.

இனிமேல் எழுதப்போவதுதான் சேதி.

போன வாரம் ஓக்போக்காரி வந்தாள். தெருக்கோடியில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். ஆயிரத்தை விட்டேன். காசைக் கொடுத்துவிட்டுப் பையைத் திறந்து பிடித்தபடி நின்றாள். என்ன என்று கேட்டேன். "மேல போட வேண்டியது எங்க?" என்றாள். அதுதான் ஆயிரம் விட்டாயிற்றே என்றேன். "அது உங்க கணக்கு. உங்க மருமக ஒரு பிடி அள்ளிப் போடுவா, அது அவ கணக்கு" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே விளக்கினாள். முதலில் என்னிடம் வந்து விலையைக் குறைத்துக்கொள்வார்களாம். பிறகு பொட்டலம் கட்ட உன்னிடம் வந்து ஒரு பிடி வாங்கிக்கொள்வார்களாம். "சந்த முழுக்கத் தெரியும் பெரியவரே. உங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரியும் சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம் நான் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். நீ அள்ளிப் போட்டது பெட்டியின் அடியில் கிடக்கும் உடைந்த நெத்திலி. யாரும் முழு விலை கொடுத்து வாங்காதது, சாற்றுக்கு நல்லது. நான் முழு விலை வாங்கிவிட்டேன் என்று நம்பி அதைக் கொடுத்திருக்கிறாய். கேட்பவளுக்குக் கேட்க ஒன்று இருந்திருக்கிறது, நான் விலையைக் குறைக்காவிட்டால் கடைக்கும் மிச்சம் இருந்திருக்கும். நான் வாயால் விட, நீ கையால் கொடுக்க, நம் குளிர்பெட்டி ஓக்போக்காரியின் சட்டியில் கொதித்துப்போய்விட்டது.

முன்பே சொல்லியிருக்கலாமே என்று உன்மேல் கோபம் வந்தது. எப்போது சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். நான் உன்னைப் பேச விட்டதாக ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

உன் விலைச்சீட்டுகளை நான் கிழிக்கவில்லை. பசை கெட்டியாகப் பிடித்திருக்கிறது. இப்போது பதிமூன்றாயிரமே வாங்குகிறேன், ஒரு பிடியும் போடுகிறேன். ஓக்போக்காரி பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது பிடியா, சிட்டிகையா? அவ கை உங்களுக்கு வராது" என்கிறாள். கூடப் போட்டால் நட்டம், குறைத்துப் போட்டால் இந்தப் பேச்சு. ஒரு மருமகளின் கையளவு தெரியாமல் இந்த வயதில் சந்தையில் நிற்கிறேன்.

இத்துடன் வரும் பெட்டியில் நல்ல நெத்திலி வைத்திருக்கிறேன். விலை ஒட்டவில்லை. மேலே காகிதத்தில் தனியாக மடித்திருப்பது என் ஒரு பிடி. அதைப் பார். கூடுதலா குறைவா என்று போனில் சொல்லாதே, எனக்குப் புரியாது. வந்து அள்ளிக் காட்டினால்தான் புரியும்.

சுவரோரம் இருந்த என் நாற்காலியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு குளிர்பெட்டி நிற்கும். அளவெடுக்க இன்னும் யாரையும் கூப்பிடவில்லை. எந்த அளவு வேண்டும் என்று சொல்லக் கடையில் ஆள் இல்லை.

கீபொமைக் காலுறை போட்டுக்கொண்டு தூங்கச் சொல். உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமனார்
குவாக் தால்சிக்