மருமகள் தொட்ட கால்

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
12-8-1974

அன்பு மகன் குழந்தைவேலுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதைச் சுகம் என்றே வைத்துக்கொள். கல்கத்தாவில் நீயும் ஷெபாலியும் எங்களைவிடச் சுகமாக இருக்க முருகன் துணையிருப்பான். இங்கே மழை விட்டபாடில்லை, கப்பல் வரவில்லை, அபர்டீன் பஜாரில் வெங்காயம் கண்ணில் படவில்லை. அம்மா வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைத்துவிட்டு, நான்தான் எங்கோ ஒளித்து வைத்தமாதிரி என்னைப் பார்க்கிறாள்.

நீ இப்போது அம்மா பெயருக்குத்தான் கடிதம் போடுகிறாய், என்னைப் பற்றி ஒரு வரி கேட்பதில்லை. இனி லீவுக்கு அங்கே வருவதாக இல்லை என்று போன கடிதத்தில் எழுதிவிட்டாய். காரணம் எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து நீ அவளைக் கூட்டிவந்த அன்று வாசலிலேயே அவள் குனிந்து என் காலைத் தொட்டாள், நான் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு கத்திவிட்டேன். வங்காளிப் பெண் என்பதால் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று நீ முடிவு கட்டிவிட்டாய். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், நீங்கள் கப்பல் ஏறியதும், அந்தப் புள்ள என்ன பாவம் செஞ்சுச்சு, இப்படி விரட்டி விட்டுட்டீயளே என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். உண்மை என்னவென்றால், அவள் விரல் பட்டதும் காலில் கொதிக்கிற தாரை ஊற்றியது போல இருந்தது.

இங்கே போர்ட் பிளேர் டாலிகஞ்ச் பக்கம் ரோடு வேலையில் தார் டிரம் உருண்டு என் வலது பாதத்தில் விழுந்து எலும்பு முறிந்ததும், பிறகு அது கூடியதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதவில்லை. எலும்பு கூடிய பிறகு வலி இறங்கவேண்டும் அல்லவா, ஏறியது. போர்வை பட்டால் எரிச்சல், காற்று பட்டால் எரிச்சல், டிரம் படாத கணுக்காலுக்கு மேலேயும் எரிச்சல். எக்ஸ்ரே பார்த்தவர்கள் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆபீஸில் என்னைப் பற்றி, ஜம்புலிங்கம் பஹானா கர்தா ஹை, சாக்குச் சொல்கிறான் என்று என் காதுபடவே பேசினார்கள். புண் இருந்தால் காட்டலாம், ஒன்றும் இல்லாத காலை யாரிடம் காட்டுவது? எனக்கே சில நாள் சந்தேகம் வந்தது, புத்திதான் பிசகிவிட்டதோ என்று. மருமகள் முன்னால் நொண்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் அன்று வாசலில் நின்றேன். அலுத்துவிட்டது தம்பி, வலியைவிட அதை மறைப்பதுதான் ஆளைத் தின்கிறது.

கடைசியில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன், சித்திரையில் அவள் என்னை இழுத்துக்கொண்டு போய் மெயின்லாண்டிலிருந்து வந்திருக்கும் ஒரு டாக்டரிடம் உட்கார வைத்தாள். அவர் எக்ஸ்ரேயை ஓரமாக வைத்துவிட்டு என் கண்ணை மூடச் சொன்னார். ஒரு பஞ்சுத் திரியால் இடது காலைத் தடவினார், ஒன்றுமில்லை. வலது காலைத் தடவினார், நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிறகு கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார், அது அவ்வளவு மோசமாக இல்லை. நஸ் டர் கயீ ஹை, நரம்பு பயந்து போயிருக்கிறது, ஆனால் உன் வலி நிஜம்தான் என்றார். வலி நிஜம் என்று ஒரு மனிதர் சொன்னதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் ஸ்டோர் காவலாளி கோவிந்தராஜை உனக்குத் தெரியுமே, ஒரு தடவை திருட்டுப் போனதிலிருந்து பூனை போனாலும் விசில் ஊதுகிறான். என் நரம்பும் அப்படித்தான் ஆகிவிட்டது என்று நானாகப் புரிந்துகொண்டேன். காலை வெட்டிச் சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கவேண்டும், அதுதான் வைத்தியம்.

தினமும் சாயங்காலம் அம்மா என் காலை மடியில் வைத்துப் பழைய வேட்டித் துணியால் தடவுகிறாள், அது தாங்கியபின் துண்டு, இப்போது சாக்குத் துணி வரை வந்திருக்கிறோம். நான் வலியில் வைவதும் அவள் திருப்பி வைவதும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். வலித்தாலும் கொஞ்சம் நடக்கவேண்டும், வலி குறைந்த நாளில் ஆசைப்பட்டு அதிகம் நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இந்த இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டம். ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை. மனசு சரியில்லாதவர்களுக்குக் கொடுப்பதாம், கொஞ்சமாகக் கொடுத்தால் நரம்பு அடங்குமாம். அம்மா பயந்து முதலில் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள். இப்போது போர்வை போர்த்தித் தூங்குகிறேன். முழுசாகப் போய்விடும் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் நம்பவில்லை. மழை நாளில் இன்னும் உயிரை வாங்குகிறது.

நீ எழுதும்போது கால் எப்படி என்று கேட்காதே, கேட்டால் நாள் முழுக்க அதிலேயே புத்தி நிற்கிறது. எவ்வளவு தூரம் நடந்தேன் என்று கேள். வேளைக்குச் சாப்பிடு, டிராமில் தொங்கிக்கொண்டு போகாதே. இந்தக் கடிதத்தை ஷெபாலிக்கு ஒரு வரி விடாமல் சொல்லிக் காட்டு. உனக்கு என் ஆசீர்வாதம் இந்தக் காகிதத்திலேயே இருக்கிறது. அவளுக்கு உரியதை எழுதி அனுப்ப எனக்கு மனமில்லை, தலையில் கை வைத்துத்தான் கொடுப்பேன். பூஜை லீவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. என் காலைத் தொடும்போது பயந்து பயந்து விரல் நுனியால் தொடவேண்டாம் என்று சொல், அதுதான் தாங்காது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்கட்டும். நான் கத்தினாலும் அவள் கையை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜம்புலிங்கம்