கடைசி பெஞ்சு வரை

செல்ல மகளுக்கு,

ஸ்கேன் பார்த்துவிட்டு, உன் வயிற்றுப் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்னதை நீ போனில் அழுதபடியே சொன்னாய். உன் அண்ணன் பிறந்த அன்று எனக்கும் அதையேதான் சொன்னார்கள். நானும் அழுதேன்.

சர்ச்சில் ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும்போது நாமெல்லாம் பக்கத்தில் இருப்பவரோடு நிறுத்திக்கொள்வோம். அவன் கடைசி பெஞ்சு வரை போய் ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பான். நமக்கோ பசி வயிற்றைக் கிள்ளும். நீ வெட்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். பூசை வைக்கும் சாமியார் மட்டும், "முடிச்சிட்டு வரட்டும், ஆண்டவருக்கு என்ன அவசரம்?" என்பார்.

அவன் போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்றும் அந்த இடத்தில் சாமியார் சற்று நிறுத்துகிறார். நேற்று நானே கடைசி பெஞ்சு வரை போய்க் கைகொடுத்தேன். அங்கிருந்த பெரியவர் என் கையை விடவே இல்லை.

"உங்க மகனுக்கப்புறம் எனக்கு யாருமே கைகொடுக்கலம்மா" என்றார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

அம்மா