வெள்ளைத் திரையில் ஓடிய படம்

இன்று காலை ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் யூகலிப்டஸ் மரம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க அதன் நெடி. "மூச்சை நல்லா இழுடி, டிக்கெட் இல்லாமயே ஆஸ்திரேலியா போயிடலாம்" என்று இதே தெருவில்தான் ஒருமுறை சொன்னாய்.

நீ ஆஸ்திரேலியாவைப் பார்த்ததில்லை. நீ மேடையில் கதை சொன்ன அந்தப் படத்தையும் பார்த்ததில்லை. இன்று யாருமே பார்க்க முடியாத படம் அது. பேசாப்படக் காலத்தில் அந்த நாட்டின் புதர்க்காட்டில் எடுத்த மெலோடிராமா. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. கிடைத்தவை சில புகைப்படங்களும் பழைய பத்திரிகையில் வந்த பாதிக் கதையும்தான். செய்யாத கொலைக்காகக் காதலன் சிறையில் இருக்கிறான். ஆட்டுப் பண்ணைக்காரரின் மகள், அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைத் தேடிக் காட்டுத்தீக்குள் குதிரையை விடுகிறாள். அதோடு சரி. பிறகு என்ன ஆயிற்று என்று எங்கும் இல்லை.

இதை வைத்து ஒரு காட்சி நடத்த நீ கேட்டபோது டவுன்ஷிப் கிளப் செயலாளர் சிரித்தார். "முடிவு இல்லாம ஜனங்க எப்படி மேடம் உக்காருவாங்க? நீங்களே ஒரு கல்யாணத்தப் போட்டு முடிச்சிருங்க."

"நக்கோ சார். நமக்குத் தெரியாததை அவ தலையில கட்டக் கூடாது."

தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம் உன்னுடையது. கோபம் வந்தால் உன் தமிழில் 'வேண்டாம்' வராது, 'நக்கோ'தான் முதலில் வந்து நிற்கும்.

பேசாப்படக் கொட்டகைகளில் கதை சொன்னவர்களைப் போலத் திரைக்குப் பக்கத்தில் நின்றாய். புகைப்படம் இருந்த இடத்தில் அதைக் காட்டினாய். இல்லாத இடத்தில் திரையை வெள்ளையாகவே விட்டுவிட்டுப் பேசினாய். புரொஜெக்டர் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஆபரேட்டர் விளக்கைப் போட எழுந்தார். "உக்காருங்கண்ணா, படம் ஓடிட்டிருக்கு!" என்றாய். அரங்கமே சிரித்தது. பிறகு கடைசிவரை ஒருவரும் அசையவில்லை.

நீ இறந்துபோன பிறகு முதல் காட்சி சென்ற வாரம் நடந்தது, உன் செகந்திராபாத்தில். இந்த முறை பேச வேண்டியவள் நான். லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார்ந்து உனக்குப் படங்களை மாற்றித் தந்தவள். மைக்கைக் கண்டாலே நடுங்குவேன் என்று உனக்குத் தெரியும். ஏற்பாடு செய்தவர்கள் படத்தின் கடைசிக் காட்சியைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். தீயிலிருந்து அவள் வெளியே வருகிறாள், தலைமுடிகூடக் கலையாமல்.

"சூப்பரா இருக்குல்ல மேடம்? இது இல்லேன்னா அடுத்த தடவை ஹால் கிடைக்கறது கஷ்டம்."

அழகாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன்.

திரை வெள்ளையானது. "தீக்குள்ள போறா. இதுக்கு மேல யாருக்கும் தெரியாது" என்றேன். முன்வரிசையில் ஒரு அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"வந்தாளா இல்லையா, சொல்லேம்மா!"

"தெரியாதும்மா."

"அதெப்படி? வந்திருப்பா."

பக்கத்திலிருந்த அவர் கணவர், "அந்தப் புகையிலயா? கைக்கு இப்படி அடிச்சுப் பேசறே?" என்றார், 'எதுக்கு' என்பதற்கு உங்கள் ஊர் 'கைக்கு'வைப் போட்டு.

"குதிரையைப் பார்த்தீங்கல்ல? அது விட்டுடுமா?"

பின்வரிசைகளும் சேர்ந்துகொண்டன. முகம் மட்டுமே மிஞ்சிய ஒருத்திக்காக அரங்கம் முழுவதும் சண்டை. ஒரு வார்த்தை சொல்லி நான் முடித்துவைத்திருக்கலாம். சொல்லவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன்.

அடுத்த முறை ஹால் கிடைக்குமோ என்னவோ. உன் வாய் எனக்கு வரவில்லை. உன் பிடிவாதம் வந்திருக்கிறது.