கடைசிப் பதினாறு பக்கம்

நேற்று உன் காரியம் முடிந்த கையோடு உன் மகன் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். "அப்பா ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாவ, மாமா" என்றான். பெட்டியில் மேலாக இருந்தது அந்த ஆங்கில நாவல். நாம் அடித்துக்கொண்டோமே, அதேதான்.

அதை இரண்டு பாகமாகப் படம் எடுத்திருந்தார்கள். இரண்டாம் பாகம் தென்காசிக்கு வந்தபோது நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்த ஈரத்துண்டோடு நேராக மேட்னிக்கு வந்துவிட்டாய். திரையில் மழை நின்றுபோன ஒரு நாடு. குடிதண்ணீருக்கு அட்டை, எதிர்த்துப் பேசினால் சிறை. முதல் பாகத்தில் பழைய குடை ஒன்றை ஒளித்துவைத்திருந்த சிறுமி இதில் வளர்ந்திருந்தாள். கடைசியில் ஊரை அடைத்திருந்த இரும்புக் கதவு திறந்தது. மழையில் நனைந்தபடி அவள் வெளியே நடந்தாள். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். எனக்கு எரிச்சலாக வந்தது.

நான் நாவலைப் படித்தவன் அல்லவா! வாடகை நூலகத்தில் எடுத்து, அகராதியும் கையுமாக இரண்டு மாதம் முட்டி மோதியிருந்தேன். அதில் கதவு அவள் முகத்துக்கு நேரே சாத்தப்படும். அத்தோடு கதை முடிந்துவிடும்.

நம் கையெழுத்துப் பத்திரிகையில் அந்த மாத விமர்சனம் உன்னுடையது. நீ தந்த நாலு பக்கத்தில் 'முடிவு அருமை' என்ற முதல் வரியைப் பார்த்ததுமே, ஆசிரியர் என்ற திமிரில் அடியில் ஒரு குறிப்பு எழுதினேன்: 'மூலத்தைப் படிக்காதவர்கள் விமர்சனம் எழுதாமலிருப்பது நல்லது.' ஒரே பிரதிதான். செங்கோட்டை வரை வீடு வீடாகச் சைக்கிளில் சுற்றியது.

"ஏலே, நீ புஸ்தகத்தப் பாத்துக்கிட்டிருந்த. நான் படத்தப் பாத்தேன். அவ்ளோதாம்லே" என்றாய். பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டால், "நீ எழுதுலே, நான் வாசிக்கேன்" என்று சிரிப்பாய்.

நேற்று உன் பிரதியைப் புரட்டினேன். கதவு சாத்தப்பட்ட பிறகும் பதினாறு பக்கம் இருந்தது. கதவு திறக்கிறது. மழை பெய்கிறது. என் கைக்கு வந்த பிரதியைப் பைண்டு செய்தபோது அந்தப் பக்கங்கள் விடுபட்டிருக்கின்றன. கெட்டி அட்டைக்குள் குறை தெரியவில்லை, நானும் சந்தேகப்படவில்லை.

முதல் பக்கத்தில் கொல்லத்தில் வாங்கியதாக எழுதியிருக்கிறாய். தேதி, நாம் சண்டை போட்ட மறுமாதம். அப்படியென்றால் இத்தனை வருடமும் உனக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் நான் அந்தக் குறிப்பைச் சொல்லிப் பீற்றிக்கொண்டபோது, பக்கத்து நாற்காலியில் பேசாமல் காப்பி குடித்தாயே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வெட்கமாக இருக்கிறது. உன்மேல் கோபமாகவும் இருக்கிறது.

பழைய இதழைத் தேடி எடுத்து, உன் நாலு பக்கத்தையும் முதன்முறையாக முழுவதும் வாசித்தேன். கடைசி வரிகள் இவை: 'நாவலை நான் படித்ததில்லை. அதிலும் மழை பெய்துதான் முடியும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை கையில் எதற்குக் குடை?'

நல்ல விமர்சனம்லே. ஆசிரியர் படிக்காமல் விட்டுவிட்டார்.